பாறை யாரையும் கைகாட்டாது

எங்கள் குடியிருப்புச் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘சூளகிரி மலை கற்றுத்தரும் மனவலிமை’. “இதுக்கு உங்களை விட்டா ஓசூர்ல வேற ஆளே இல்ல சார்” என்றார் செயலாளர். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மலையைப் பற்றிப் பேசியே பத்தொன்பது வருடம் பிழைத்தவன் நான்.

எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தாளோடு வாசலில் வந்து நின்றார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். ஆனா கொஞ்சம் பாசிட்டிவா மாத்திக் குடுத்தீங்கன்னா... மலர் இல்லையா, குடும்பத்தோட படிப்பாங்க.”

குடும்பத்தோடு படிக்க வேண்டிய விஷயம்தான் என்றேன். அவர் சங்கடமாகச் சிரித்தார். அந்தப் பக்கத்தில் மலையின் கலர் போட்டோவைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன். அன்று அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பாசிட்டிவ் ஆக்கவில்லை.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிறவர்கள் அந்த மலையைப் பார்க்காமல் போக முடியாது. சூலம் போல மூன்று முனையாகப் பிரிந்து, உச்சி முழுக்க மொட்டைப் பாறையாக, ரோட்டுக்கு மேலே நிற்கும். அது யாருக்கும் எதையும் கற்றுத்தரவில்லை. அது கல். கற்றுத்தந்தவன் நான். அதனால் கோபம் மலை மேல் இல்லை.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். எம்.ஏ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பர்சனல் ஆபீசராகச் சேர்ந்தேன். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, விசாரணை நடத்துவது, வேலையை விட்டு அனுப்புவது எல்லாம் என் மேஜையில்தான் நடந்தது. நன்றாகப் பேசுவேன். கம்பெனியில் எனக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்தப் பேச்சுக்குத்தான்.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழுவையும் முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏற்றிச் சூளகிரி மலைக்குக் கூட்டிப் போவேன். அடிவாரத்தில் ஆளுக்கு ஒரு கல் எடுக்க வேண்டும். அதைச் சுமந்துகொண்டு உச்சிவரை ஏற வேண்டும். மேலே அதை வைத்துவிட்டு, “என் பலவீனத்தை இங்கே வைக்கிறேன்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். முதலாளி வரைக்கும் பாராட்டினார்கள்.

ஏறும்போது பின்னால் கேலி கேட்கும். “ஏம்ப்பா, நாம கம்பெனில சேந்தமா, கல் குவாரில சேந்தமா?” “தோசைக்கல்லா எடு மச்சான், சாயந்திரம் வூட்டுக்காவது ஆவும்.” நான் கேட்காதது போல முன்னால் நடப்பேன். உச்சியில் உட்காரவைத்துப் பேசுவேன். “இந்தப் பாறையைப் பாருங்க. எத்தனை வெயில், எத்தனை இடி. அசையுதா? யாரையாவது கைகாட்டி, இவனாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லுதா? தாங்குது. அதுக்குப் பேர்தான் மனவலிமை.”

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். திருநெல்வேலி, சிவகங்கை, சேலம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டுவார்கள். எனக்கும் புல்லரிக்கும். இன்று அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்படி ஒரு குழுவில், பக்கத்திலேயே இருக்கும் பேரிகை என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். தக்காளி போடும் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். அவர் எடுத்தது கல்லே இல்லை, அம்மிக்குழவி கனத்துக்கு ஒரு பாறைத் துண்டு. தோளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய் நின்றார். அவர் முதுகில் தட்டி, “இவர்தான்யா மலை” என்று எல்லோருக்கும் காட்டினேன். பிறகு பிரஸ் ஷாப்பில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது.

பிரஸ் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலிருந்து டன் கணக்கில் எடை இறங்கி, கீழே வைத்த தகட்டை வெட்டும், வளைக்கும். அதை இயக்க இரண்டு பட்டன்கள். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கக்கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் இரண்டு கையாலும் அழுத்தி ஓட்டினால் கம்பெனி கேட்ட எண்ணிக்கை வராது. எனவே சைக்கிள் டியூபை மோதிரம் மாதிரி வெட்டி, ஒரு பட்டனை அழுத்தி அதன்மேல் மாட்டிவிடுவார்கள். பழைய மெஷின்கள், ஏமாந்துபோகும். ஒரு கை தகட்டை வைக்கும், இன்னொரு கை பட்டனைத் தட்டும். ‘ஒத்தக்கை ஓட்டு’ என்று அதற்குப் பேர். டியூபை வெட்டிக் கொடுத்தவர் சூப்பர்வைசர். ரப்பர் வேண்டாம் என்று சொன்ன ஆபரேட்டரை அடுத்த நாளே கூட்டிப் பெருக்க அனுப்பினார்கள்.

எங்களிடம் பாகம் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஆடிட்டுக்கு வருவார்கள். அந்தக் காலையில் சூப்பர்வைசர் ரப்பர் துண்டுகளையெல்லாம் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் அறைக்குக் கொண்டுவருவார். பர்சனல் ஆபீசரின் டிராயரை எந்த ஆடிட்டரும் திறக்க மாட்டார். ஆடிட் முடிந்ததும் வந்து, “சார், டப்பா” என்பார். எடுத்துக் கொடுப்பேன். இதை எத்தனை முறை செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாத அளவுக்குச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அந்த நாளும் ஆடிட்டுக்கு மறுநாள். காலை எட்டேகாலுக்கு சூப்பர்வைசர் வந்தார். “சார், டப்பா.” நான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே டிராயரைத் திறந்து நீட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பேரிகைக்காரரின் வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களும் போயின.

ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் மெஷின்களிலிருந்து ரப்பர் எல்லாம் இறங்கிவிட்டது. டப்பா என் மேஜைக்குத் திரும்பி வந்தது. அவருடைய மெஷினில் இருந்த ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “அவனா மாட்டினான், நாமளா?” அவனே மாட்டியதாக எழுதி வாங்கி வா என்று அதற்கு அர்த்தம். என்னை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. நான் முடியாது என்றிருந்தால் அதிகபட்சம் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். செய்தேன். எனக்கு அது நன்றாக வரும் என்பதால் செய்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கை பொதியாகக் கட்டுப் போட்டு மார்பின் மேல் கிடந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி ஏழாம் மாதத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன்.

“மேனேஜ்மென்ட் உன்மேல கோபமா இருக்கு. நான் பேசிச் சமாளிச்சிருக்கேன்” என்றேன். பொய். “நீயே மாட்டினதா எழுதிக் குடுத்துட்டா விஷயம் இதோட முடிஞ்சிடும். கேட்ல உக்கார்ற மாதிரி வேற வேலை போட்டுத் தரோம்.”

“நான் மாட்டலயே சார். டப்பா உங்க ரூம்லருந்துதானே வருது?”

அப்போதுதான் அதைச் சொன்னேன். “மலை மேல நான் என்ன சொன்னேன்? பாறை யாரையாவது கைகாட்டுதா?”

அவர் என்னைப் பார்த்தார். பயந்து கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு உறுத்தாது. அவர் கண்ணில் ஒரு பெருமை வந்தது. தான் ஏதோ பெரிய காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நானே எழுதிக்கொண்டு போயிருந்த வாக்குமூலத்தை அட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் போட்டார். கோணலாக, குழந்தை எழுதியது போல வந்தது.

அந்தத் தாளைப் படித்துவிட்டு மேனேஜர் சொன்னார்: “இவ்ளோ தெளிவா எழுதிக் குடுத்திருக்கான். இவனை எப்படிய்யா உள்ள வச்சுக்கறது?” கேட் வேலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பணிநீக்க உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். அவருடைய வாக்குமூலத்தின் நகலை அதோடு சேர்த்து, பதிவுத் தபாலில் பேரிகைக்கு அனுப்பினேன். பிறகு வேறு கம்பெனிகளிலிருந்து அவரைப் பற்றி விசாரித்து மூன்று முறை போன் வந்தது. “பாதுகாப்பு விதியை மீறினவர்” என்று மூன்று முறையும் சொன்னேன்.

அடுத்த மாதம் பிரஸ் ஷாப்பில் புது ரப்பர் வந்தது, புது டப்பா வந்தது. அடுத்த குழுவை மலைக்குக் கூட்டிப் போனேன். அதே பேச்சைப் பேசினேன். கைதட்டினார்கள்.

ரிட்டயர் ஆகி டிராயரைக் காலி செய்த நாளில் பழைய டப்பா அடியில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏன் என்று தெரியாது. எறியவும் இல்லை.

போன வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது குருபரப்பள்ளியில் டீ குடிக்க இறங்கினேன். ஒரு டெம்போவிலிருந்து தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடை இறக்கிக்கொண்டிருந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார். இடது கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

“நல்லாருக்கீங்களா சார்? இன்னும் மலைக்கு ஆளுங்களைக் கூட்டிகினு போறீங்களா?”

“ரிட்டயர் ஆயிட்டேம்ப்பா.”

“அப்பிடியா. மலைதான் பாவம், அதுக்கு ரிட்டயர்மென்ட்டே இல்ல.”

டீக்கடைக்காரர் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பேரிகைக்காரர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பிறகு, “ஒரு வாட்டி எங்க வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க சார்” என்றார்.

“என்னன்னு?”

“நானா அந்த ரப்பரை மாட்டலன்னு. எங்க வூட்டுக்காரிகிட்ட. அவ்ளோதான்.”

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுதும் தெரிந்தது. அந்தத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர், தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்த அவர் மனைவி. பிரித்துப் படித்ததும் அவர்தான். கம்பெனிதான் மாட்டியது என்று இவர் சொன்னபோது, “அப்பறம் நீயே ஏன் எழுதிக் குடுத்த?” என்று கேட்டிருக்கிறார். பாறை, மலை என்று வீட்டில் சொல்ல முடியுமா? சொல்லியும் பார்த்திருக்கிறார். அதைக் கேட்டு மனைவி இன்னும் கோபப்பட்டிருக்கிறார். எண்ணிக்கை காட்டி நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டுக் கையைப் பறிகொடுத்தவன், அதை மறைக்கப் பொய்யும் சொல்கிறவன் என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது. மைத்துனர் முன்னால், மகன் முன்னால், எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் கவர் வெளியே வரும்.

“இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே. இன்னுமா?” என்றேன். அதைவிட மடத்தனமாக ஒருவன் கேட்க முடியாது.

“உங்களுக்கு இருவது வருசம் சார். எனக்குத் தெனம் சோறு போடறப்ப நேத்துதான்.”

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போக ஐந்து மாதம் ஆனது. முட்டிவலி என்றேன், மழை என்றேன், பெங்களூரிலிருந்து மகள் வருகிறாள் என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் போனில், “சரிங்க சார், முடியறப்ப வாங்க” என்பார். உண்மையில், நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்குப் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருடம் மனவலிமை பேசியவனுக்கு ஒரு பஸ் ஏறும் வலிமை இல்லை. ஒரு நாள் அவர் போன் செய்வதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் கிளம்பினேன்.

டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் பேரிகை போய், அங்கிருந்து விசாரித்து நடந்தேன். மேட்டு நிலத்தில் வீடு. தெற்கே தூரத்தில் அந்த மூன்று முனையும் தெரிந்தது. இவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டா தக்காளி பறிக்கிறார்கள் என்று நினைத்ததும் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

களத்தில் கிரேடுகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் தள்ளி நின்றார். மனைவி எதிரில் நின்றார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த பேச்சு வரவில்லை. டப்பாவைத் திறந்து கீழே வைத்தேன். வெயிலில் ரப்பர் துண்டுகள் வெடித்து, கறுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னேன். டியூபை வெட்டியது யார், டப்பா எங்கே இருந்தது, அன்று காலை அதை எடுத்துக் கொடுத்த கை யாருடையது, ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்பது வரை.

மனைவி கேட்டார்: “அப்ப இவரு கையில கட்டு இருந்துச்சா?”

“இருந்தது.”

“பீச்சாங்கையிலயா போட்டாரு?”

“ஆமா.”

“கோணலா இருக்கறதப் பாத்துட்டு, குடிச்சுப்புட்டுப் போட்ருக்கான்னு நெனச்சேன் சார். வெரலு போனவன் எந்தக் கையில போடுவான், கவர்மென்ட் ஆஸ்பத்திரில எவன் வாங்கிக் குடுத்திருப்பான்னுகூட யோசிக்கல. அதுக்கும் சேத்துத் திட்டியிருக்கேன்.”

நான் மன்னிப்பு என்ற சொல்லை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இத்தினி வருசம் நான் திட்டினத எவன் திருப்பி எடுக்கறது? நீ எடுப்பியா? என் பையன் அவங்கப்பன மதிக்கறதில்ல. நான்தான் அப்பிடி வளத்தேன். உன் காயிதத்த வச்சிகினு வளத்தேன்.”

‘சார்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. என் வயதுக்கு யாரும் என்னை அப்படிப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும், அன்றைக்கே யாராவது.

“விடும்மே, பெரியவரு” என்றார் பேரிகைக்காரர்.

“நீ சும்மா கெட. சும்மா கெடந்துதான் இத்தினி ஆச்சு.”

உள்ளே போனார். தம்பிக்குப் போன் போட்டுத் தெலுங்கில் சத்தமாகப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே வந்து, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டி, “திருப்பிச் சொல்லு” என்றார். தெரியாத ஒரு குரலிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பிறகு மகனின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு கிரேடு மேல் வைத்தார். “எழுதிக் குடு.”

பேனாவை எடுத்தேன்.

“அந்தக் கையில இல்ல. பீச்சாங்கையில எழுது.”

பேரிகைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பேனாவை மாற்றிப் பிடித்தேன். முதல் எழுத்துக்கே பேனா நழுவியது. ஐந்து வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. தாளைப் பிடித்துக்கொள்ள யாரும் வரவில்லை. ‘தெரிந்தோ தெரியாமலோ’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவர் விரலை அதன்மேல் வைத்தார்.

“தெரியாம என்ன? பொட்டி உன் மேசைல இருந்துச்சுன்னுதானே இப்ப சொன்ன? அடி.”

அடித்தேன். வேர்வை எழுத்தின்மேல் விழுந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் உள்ளேயிருந்து அந்தப் பழைய கவரைக் கொண்டுவந்தார். மடிப்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. என் கம்பெனி முத்திரை இன்னும் தெரிந்தது. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் அதே கவருக்குள் போட்டு, பையன் சாயந்திரம் வந்ததும் படிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் குடித்திருக்க மாட்டேன்.

“பேரிகைலருந்து மூணு மணிக்கு ஒரு பஸ்ஸு. நடந்தா புடிச்சிடலாம்” என்றார், என்னைப் பார்க்காமல். “பொட்டிய எடுத்துகினு போ. அது இங்க இருக்கக்கூடாது.”

குனிந்து ரப்பர் துண்டுகளை உள்ளே தள்ளி டப்பாவை மூடினேன். வேலியைத் தாண்டும்போது பின்னால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. நின்றேன். அவர் கணவரைக் கூப்பிட்டார்.

“சாப்ட வா.”

சோறு போடும்போது தினமும் சொல்வதைச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சொல்லவில்லை. கரண்டி தட்டில் படும் சத்தம் மட்டும் வந்தது.